பதினான்கு சக்கரம்: எங்கள் ஊர்வகை நிர்வாகக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

கோயிலையும் ஊர்க் காரியங்களையும் நடத்தும் நம் ஊர்வகையின் தலைவர், செயலாளர், பொருளாளர், நிர்வாகக் குழு உறுப்பினர்கள் அனைவருக்கும்,

கோயில் கொடைவிழா முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கூட்டிய ஊர்க்கூட்டத்தில் எடுத்த முடிவை நான் ஏற்கவில்லை. நேரில் வந்து சொல்ல எனக்கு அங்கே இடம் கிடையாது என்பதால் எழுதுகிறேன். இந்த ஊரில் எல்லோரும் படிக்க வேண்டும் என்பதால் மூடிய உறையில் வைக்காமல் எழுதுகிறேன்.

முடிவு இதுதான். பஞ்சாயத்துத் தேர்தல் எப்போது அறிவிக்கப்பட்டாலும் தலைவர் பதவிக்கு நம் ஊரிலிருந்து ஒருவர் மட்டுமே வேட்புமனு கொடுக்க வேண்டும். கோபுரத் திருப்பணிக்கு யார் அதிகம் தருகிறாரோ அவரே அந்த ஒருவர். நம் பஞ்சாயத்திலுள்ள மற்ற இரண்டு பெரிய ஊர்களும் இந்த முறை நமக்கு விட்டுக்கொடுக்கும். அடுத்த முறை நாம் அவர்களுக்கு விட்டுக்கொடுப்போம். மீறி மனு கொடுப்பவரின் வீட்டு நல்லது கெட்டதுக்கு ஊர் போகாது. ஏலம் நான்கு லட்சத்து இருபதாயிரத்தில் நின்றது. ஒரு லட்சம் அன்றைக்கே முன்பணமாகப் பொருளாளர் கைக்கு வந்தது.

இதை யாரோ சொல்லி நான் கேட்கவில்லை. பெண்கள் இருபது பேர் மண்டபத்துக்கு வெளியே புன்னை மரத்தடியில் நின்றிருந்தோம். கொடைக்குக் கட்டிய ஒலிபெருக்கியை இன்னும் அவிழ்க்காததால் ஒவ்வொரு தொகையும் எங்கள் காதில் விழுந்தது. "பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டுவிட்டால் என்ன செய்வது?" என்று ஒருவர் கேட்டார். "ஏலம் எடுத்தவர் வீட்டுக்காரி நிற்பாள்" என்று பதில் வந்தது. உள்ளே கைதட்டினார்கள். அந்தப் பெண் எங்களோடுதான் மரத்தடியில் நின்றிருந்தாள். அவளிடம் யாரும் கேட்கவில்லை. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அந்த நிமிடத்தை என்னால் மறக்க முடியவில்லை.

2019 தேர்தலின்போது வேறு மாவட்டங்களில் பஞ்சாயத்துத் தலைவர் பதவி ஏலம் போனதாகப் பத்திரிகையில் படித்தேன். தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவில் முன்னால் நிற்கும் மாவட்டம் நம்முடையது, இங்கே இது நடக்காது என்று அன்றைக்கு என் அருகில் இருந்தவரிடம் சொன்னேன். நான் சொன்னது பொய்யாகிவிட்டது.

தலைவர் தம்பி, அன்றைக்கு நீங்கள் பேசியதை அப்படியே நினைவில் வைத்திருக்கிறேன். "நூறு வருஷத்துக்கு முன்னால் இந்த ஊரில் ஓட்டா இருந்தது, தேர்தலா இருந்தது? பெரியவர்கள் கூடி உட்கார்ந்து சொன்னார்கள், ஊர் கேட்டது, ஊர் நன்றாக இருந்தது. அதைத்தான் நாமும் செய்கிறோம்" என்றீர்கள். உங்களுக்கு நான்காம் வகுப்பில் பாடம் சொன்னவள் நான். நூறு வருஷத்துக்கு முன்னால் இங்கே என்ன இருந்தது என்பதை அன்றைக்குச் சொல்லிக்கொடுக்காமல் விட்டிருக்கிறேன். இப்போதாவது சொல்கிறேன்.

என் வீட்டு மர அலமாரியில் என் அப்பாவின் அப்பா, எங்கள் பாட்டா, கரம், அதாவது நிலவரி, கட்டிய ரசீது ஒன்று இருக்கிறது. மலையாள எழுத்து. ஓரமெல்லாம் பூச்சி அரித்திருக்கிறது. கொல்லம் ஆண்டு 1084, அதாவது 1908-09. வீடிருந்த புரையிடத்துக்கும் அதை ஒட்டிய துண்டு நிலத்துக்குமாக அவர் அந்த ஆண்டு கட்டியது மூன்று பணம் இரண்டு சக்கரம். பணமும் சக்கரமும் அன்றைய திருவிதாங்கூர் நாணயங்கள். ஒரு பணத்துக்கு நான்கு சக்கரம் என்றால் பதினான்கு சக்கரம். ரூபாய்க்கு 28 சக்கரம் என்ற கணக்கில் அரை ரூபாய்.

அப்போது நாம் திருவிதாங்கூர் மகாராஜாவின் குடிகள். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு எல்லாம் அந்த சமஸ்தானத்தில் இருந்தன. ஸ்ரீமூலம் திருநாள் மகாராஜா 1904இல் மக்கள் பிரதிநிதிகள் சபை ஒன்றை அமைத்தார். ஸ்ரீமூலம் பிரஜா சபை என்று பெயர். திவான் மாதவராவ் காலத்தில், அந்த ஆண்டு அக்டோபரில், திருவனந்தபுரத்தில் முதல் முறையாகக் கூடியது. சட்டம் போட அதற்கு அதிகாரம் இல்லை. ஊர்க் குறையைச் சொல்லலாம், திவான் பதில் சொல்வார். ஆனாலும் சமஸ்தானத்தில் அது பெரிய காரியம்தான். ஒவ்வொரு தாலுகாவிலிருந்தும் ஆட்கள் போனார்கள். யார் போனார்கள் என்று பாருங்கள். முதல் ஆண்டில், வருஷத்துக்கு 100 ரூபாய் நிலவரி கட்டும் நிலக்காரர்களும் 6,000 ரூபாய் வருமானமுள்ள வியாபாரிகளும்தான் தகுதி. மறு ஆண்டு, 1905இல், தேர்ந்தெடுக்கும் உரிமை வந்தது. 100 உறுப்பினர்களில் 77 பேரை மக்களே தேர்ந்தெடுக்கலாம் என்றார்கள். அந்த மக்கள் யார்? ஆண்டுக்கு 50 ரூபாய் நிலவரி கட்டுபவர், 2,000 ரூபாய் நிகர வருமானம் உள்ளவர், பட்டம் பெற்றுப் பத்தாண்டு ஆனவர்.

50 ரூபாய் என்றால் 1,400 சக்கரம். என் பாட்டா கட்டியது பதினான்கு. பாட்டாவைப் போல நூறு பேர் கட்டும் கரத்தை ஒருவரே கட்டினால்தான் அவருக்கு ஒரு ஓட்டு.

இத்தனைக்கும் பாட்டா வருஷம் முழுவதும் மண்ணில்தான் கிடந்தார். அவர் உழுத வயல் பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, எடுத்தது. பாட்டம் அளந்தது அவர், கரம் கட்டியது நிலத்துக்கு உடையவர், ஓட்டும் உடையவருக்கே. பாட்டிக்குத் தன் பெயரில் ஒரு தென்னை மரம்கூட இல்லை. அவள் பெயர் எந்தக் கணக்கிலும் வரவில்லை. தம்பி, உங்கள் பூட்டனாரும் எங்கள் பாட்டாவும் ஒரே வரப்பில் வேலை செய்தவர்கள். நீங்கள் சொன்ன "பெரியவர்கள் கூடி உட்கார்ந்த" இடத்தில் அவர் உட்காரவில்லை. உட்கார்ந்தவர்கள் சொன்னதைக் கேட்டு நின்ற கூட்டத்தில்தான் நம் ஆட்கள் இருந்தார்கள். "ஊர் கேட்டது" என்று சொன்னீர்களே, கேட்காமல் இருக்க அந்த ஊருக்கு என்ன வழி இருந்தது?

ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அந்தப் பக்கம், வெள்ளைக்காரன் ஆட்சியில் இருந்த திருநெல்வேலிச் சீமையிலும் பெரிய வித்தியாசம் இல்லை. ரிப்பன் பிரபு 1882இல் உள்ளாட்சிக்குத் தீர்மானம் கொண்டுவந்தார் என்று பாடப்புத்தகத்தில் நாமே படித்தோம், படிப்பித்தோம். அதன்பின் 1884ஆம் ஆண்டுச் சட்டப்படி ஜில்லா போர்டு, தாலுகா போர்டு, யூனியன் என்று மூன்று அடுக்கு வந்தது. ஆனால் ஜில்லா போர்டுக்குத் தலைவர் கலெக்டர்தான். சாலை, பள்ளி, தர்ம ஆஸ்பத்திரி, சத்திரம் எல்லாவற்றுக்கும் கிராமத்தான் வரி கட்டினான். செலவை முடிவு செய்தவர்களில் பெரும்பாலானோர் நியமிக்கப்பட்டவர்கள்.

வரி கட்ட நிலமே இல்லாதவர்கள் நிலை இன்னும் மோசம். ஒடுக்கப்பட்ட மக்களின் தலைவர் அய்யன்காளி பிரஜா சபைக்குள் நியமன உறுப்பினராகத்தான் போக முடிந்தது. போய், தன் மக்களுக்கு நிலமும் பள்ளியும் கேட்டார். 1926இல் நம் சுசீந்திரத்தில், கோயிலைச் சுற்றிய தெருவில் நடக்கும் உரிமைக்காகச் சத்தியாகிரகம் செய்ய வேண்டியிருந்தது. ஒரு பக்கம் தாலுகா தோறும் பிரதிநிதிகள் தேர்வு; மறுபக்கம் தெருவில் நடக்கக்கூட முடியாத சனங்கள். இரண்டும் ஒரே காலம், ஒரே மண். ஊர் நன்றாக இருந்தது என்று நீங்கள் சொன்னது யாருடைய ஊரை?

திருவிதாங்கூரில் 1920களில் கிராமப் பஞ்சாயத்துக்குத் தனிச் சட்டம் வந்தது. 1932இல் சட்டசபையை இரண்டு அவைகளாக்கினார்கள். தங்கள் எண்ணிக்கைக்குத் தக்க இடம் கிடைக்காது என்று ஈழவர்களும் கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் சேர்ந்து அந்தத் தேர்தலிலிருந்தே விலகி நின்று போராடினார்கள். ஓட்டு ஓட்டு என்று அலைந்தவர்கள், அது நியாயமாக இல்லை என்பதற்காக அதையே வேண்டாம் என்று ஒதுக்கிய காலம் அது. கடைசியில் 1948 பிப்ரவரியில்தான் வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு என்ற தேர்தல் திருவிதாங்கூரில் நடந்தது. பாட்டாவுக்கு அப்போது அறுபது கடந்திருந்தது. எட்டு மைல் நடந்து போய் ஓட்டுப் போட்டுவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்தவர், அன்றைக்கு முழுவதும் யாரோடும் பேசவில்லை என்று அப்பா சொல்வார். பாட்டியும் கூடப் போனாள். அவள் வாழ்க்கையில் அவளுடைய பெயரை ஓர் அரசாங்க அதிகாரி உரக்க வாசித்தது அதுதான் முதல் முறை.

1905க்கும் 1948க்கும் இடையில் நாற்பத்து மூன்று ஆண்டுகள். பதினான்கு சக்கரக்காரருக்கும் ஆயிரத்து நானூறு சக்கரக்காரருக்கும் ஒரே ஓட்டு என்று ஆவதற்கு அவ்வளவு காலம் பிடித்தது. நீங்கள் அதை ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்தில் மாற்றிவிட்டீர்கள். அந்தக் காலத்தில் 50 ரூபாய் கட்டியவர் ஓட்டுப் போடலாம் என்றார்கள். நான்கு லட்சத்து இருபதாயிரம் தருபவர் தலைவராகலாம் என்று நீங்கள் சொல்கிறீர்கள். அன்றைய விதியிலாவது 50 ரூபாய்க்காரர்கள் பல பேர் இருந்தார்கள், அவர்களுக்குள் போட்டி இருந்தது. உங்கள் விதியில் ஒரே ஒருவர். மற்ற நாங்கள் எல்லோரும் பதினான்கு சக்கரம்.

"பணம் கோயிலுக்குத்தானே போகிறது, யார் பைக்குப் போகிறது?" என்று என் வீட்டுக்கு வந்த பொருளாளர் அத்தான் கேட்டார். கோபுரம் எழ வேண்டும் என்ற ஆசை எனக்கும் உண்டு. முத்தாரம்மனுக்கு என் ஓய்வூதியத்திலிருந்து மாதா மாதம் கொடுக்கிறேன், அது உங்கள் நோட்டில் இருக்கிறது. ஆனால் இவர் கொடுப்பது காணிக்கை இல்லை. ஒரு பொருளுக்குக் கொடுக்கும் விலை. அந்தப் பொருள் நம் பஞ்சாயத்திலுள்ள எல்லோருடைய சொத்து. தேர்தலில் நிற்பதற்கும், நிற்காமல் இருப்பதற்கும், விலகுவதற்கும் ஒவ்வொருவருக்கும் உள்ள உரிமைக்கு விலை கொடுப்பதையும் வாங்குவதையும் சட்டம் லஞ்சம் என்று சொல்கிறது. கோயில் பெயரில் வாங்கினாலும் அதன் பெயர் அதுதான்.

நான் வெறும் புத்தகப் பேச்சுப் பேசவில்லை. 1996இல், புதிய பஞ்சாயத்துச் சட்டம் வந்து நடந்த முதல் தேர்தலில், பெண்களுக்கு ஒதுக்கிய வார்டில் நின்று பதினொரு ஓட்டில் ஜெயித்தவள். ஐந்து ஆண்டு வார்டு உறுப்பினராக இருந்தேன். அந்தத் தேர்தலில் எனக்கு எதிராக நின்றவளின் தெருவில் குடிதண்ணீர்க் குழாய் உடைந்தபோது விடியற்காலை ஐந்து மணிக்கு என் வாசலில் நின்று, "நான் உனக்கு ஓட்டுப் போடவில்லை, ஆனால் நீதான் மெம்பர், வந்து பார்" என்று ஒரு கிழவி கூப்பிட்டாள். போகாமல் இருக்க முடியவில்லை. அடுத்த தேர்தல் ஒன்று இருக்கிறது, அதில் அவளுக்கு ஓர் ஓட்டு இருக்கிறது என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பள்ளிக்கூடம் விட்டு வந்து, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அந்தக் குழாயடியில் நின்றது அதற்காகத்தான். நான்கு லட்சத்து இருபதாயிரம் கொடுத்துப் பதவிக்கு வருபவர் வாசலில் அந்தக் கிழவி எந்த உரிமையில் நிற்பாள்? கொடுத்ததை எடுக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு வராது என்று உங்களில் யாராவது கோயில் நடையில் நின்று சொல்வீர்களா?

தேர்தல் ஊரைப் பிரிக்கிறது என்று நீங்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. அதை மறைக்க மாட்டேன். 2011 தேர்தலுக்குப் பிறகு ஒரு வீட்டு அண்ணனும் தம்பியும் மூன்று வருஷம் பேசாமல் இருந்ததை நானும் பார்த்தேன். பெற்றவள் செத்தபோதுதான் ஒன்றாக நின்றார்கள். ஆனால் போட்டி போடுகிறவனை ஊர்விலக்கு செய்வோம் என்று மிரட்டிக் கொண்டுவரும் ஒற்றுமை எனக்கு வேண்டாம். சண்டை போட்டவர்கள் சேர்ந்துகொள்ளலாம். பயந்து வாய்மூடியவர்கள் எதைப் பேசிச் சேர்வது?

தேர்ந்தெடுக்கப்பட்டவர் இல்லாத பஞ்சாயத்து எப்படி இருக்கும் என்பதும் நமக்குப் புதிதல்ல. 2016இல் பதவிக்காலம் முடிந்து, 2019 டிசம்பரில் தேர்தல் நடக்கும் வரை மூன்று ஆண்டுகள் தனி அலுவலர்களின் கையில் இருந்தோம். 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு மறுபடியும் பதவிக்காலம் முடிந்தது. மறுபடியும் தனி அலுவலர். பதவிக்காலம் முடியும் முன்பே அடுத்த தேர்தலை முடிக்க வேண்டும் என்பது அரசியல் சாசனம். அது நடக்கவில்லை என்று அரசாங்கத்தின் மேல் கோபப்பட்டு, நம் ஊரிலிருந்து மனு எழுதி, முதல் கையெழுத்துப் போட்டவர் தலைவர் தம்பி நீங்கள். இரண்டாவது கையெழுத்து என்னுடையது. சாலையில் குழி, சானல்கரையில் எரியாத விளக்கு, யாரிடம் போய்ச் சொல்வது என்று எழுதினோம். தேர்தலைக் கேட்டு எழுதிய அதே கை, தேர்தல் வரும் முன்பே அதை ஏலம் விட்டிருக்கிறது. அரசாங்கம் தள்ளித்தான் போட்டது. நீங்கள் இல்லாமலே ஆக்கிவிட்டீர்கள்.

சானல்கரை என்றதும் இன்னொன்று. அங்கே முப்பது வீடுகள் இருக்கின்றன. அவர்கள் நம் ஊர்வகையில் சேர்ந்தவர்கள் இல்லை. நம் கோயிலுக்கு வரி கொடுப்பவர்கள் இல்லை. ஆனால் நம் பஞ்சாயத்தில் நமக்கு இருக்கும் அதே ஓட்டு அவர்களுக்கும் இருக்கிறது. வெள்ளை, ரோஜா நிறம், பச்சை, மஞ்சள் என்று நான்கு ஓட்டுச் சீட்டு நமக்குக் கொடுப்பதுபோலவே அவர்களுக்கும் கொடுக்கிறார்கள். மூன்று ஊர்ப் பெரியவர்கள் முறை வைத்துப் பங்கிட்டுக்கொண்டபோது அவர்களிடம் யார் போய்க் கேட்டது? இந்த முறை நமக்கு, அடுத்த முறை அவர்களுக்கு என்று பேசியதில் அவர்கள் முறை எந்த வருஷம் வருகிறது?

நம் ஊர்வரி நோட்டையும் ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். தலைக்கட்டு வரி ஆண்கள் பெயரில். என் கணவர் இறந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. இன்னும் அவர் பெயர்தான் அதில் இருக்கிறது, பக்கத்தில் "அரை வரி" என்று எழுதியிருக்கிறீர்கள். விதவை வீடு என்பதால் பாதி. சலுகை என்று நினைத்துச் செய்த வழக்கம், அதற்காக யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் அரை வரி என்பதால்தான் ஊர்க்கூட்டத்தில் எனக்கு அரைப் பேச்சுக்கூட இல்லை. பஞ்சாயத்துத் தேர்தல் ஒன்றில்தான் நான் முழு ஆளாக எண்ணப்பட்டேன்.

நான் கேட்பவை இவை.

அந்த ஞாயிற்றுக்கிழமை எழுதிய தீர்மானத்தை ரத்து செய்கிறோம் என்று அதே நோட்டில், அதே பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில் எழுதி, குழுவினர் அனைவரும் கையெழுத்திட வேண்டும். கிழித்துப் போட்டால் போதாது. வாங்கிய ஒரு லட்சத்தைத் திருப்பிக் கொடுத்து ரசீது பெற வேண்டும். அவர் விரும்பினால் தேர்தலெல்லாம் முடிந்த பிறகு காணிக்கையாகத் தரட்டும்.

மனு கொடுப்பவர் யாராக இருந்தாலும் அவர் வீட்டுக் கல்யாணத்துக்கும் சாவுக்கும் ஊர் வழக்கம்போல் போகும் என்று, மிரட்டலைச் சொன்ன அதே ஒலிபெருக்கியில் சொல்ல வேண்டும். மற்ற இரண்டு ஊர்களுக்கும் ஆள் அனுப்பி, முறை வைத்துப் பங்கிடும் பேச்சை முறித்துக்கொண்டதாகத் தெரிவிக்க வேண்டும். சானல்கரை மக்களுக்கும் அதைத் தலைவரே நேரில் போய்ச் சொல்ல வேண்டும்.

கோபுரப் பணிக்கு எவ்வளவு குறைகிறது என்ற கணக்கைக் கோயில் பலகையில் எழுதிப் போடுங்கள். வீடு வீடாக வசூலுக்குப் போக ஆள் வேண்டுமென்றால் புன்னை மரத்தடியில் நின்ற நாங்கள் இருபது பேரும் வருகிறோம். அன்றைக்கே பேசி வைத்துவிட்டோம். அடுத்த ஊர்க்கூட்டத்துக்கு எங்களையும் மண்டபத்துக்குள் அழையுங்கள். ஊர்வரி நோட்டில் என் கணவர் பெயரை அடித்து என் பெயரை எழுதி, முழு வரி போடுங்கள்.

இந்தக் கடிதத்தின் நகலோடு பாட்டாவின் ரசீது நகலையும் கோயில் அலுவலகத்தில் கொடுத்திருக்கிறேன். அடுத்த கூட்டத்துக்குள் தீர்மானம் ரத்தாகவில்லை என்றால் இரண்டையும் மாவட்டத் தேர்தல் அதிகாரியிடம் கொண்டுபோய்க் கொடுப்பேன். தேர்தல் அறிவித்ததும் நம் பஞ்சாயத்தில் மனு கொடுக்க விரும்பும் எவருக்காவது, அது சானல்கரையிலிருந்து வருபவராக இருந்தாலும், முன்மொழிந்து கையெழுத்துப் போட ஆள் கிடைக்காவிட்டால் என் வீட்டுக்கு வரட்டும். வாசல் விளக்கு இரவு பத்து மணி வரை எரியும்.

இப்படிக்கு,
ஊர்வரி நோட்டில் இன்னும் பெயர் இல்லாத, ஓய்வுபெற்ற ஆசிரியை,
கல்குளம் வட்டம், கன்னியாகுமரி மாவட்டம்